பாலுவும் ஆறு வீட்டுத் தேனீயும்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, காலையில் காரை எந்த வரிசையில் விட்டேன் என்று வழக்கம் போலத் தேடிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்தபோது வெஸ்ட் வின்ட்சர் பெற்றோர்கள் ஆரம்பித்த குழு அது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் இது மூன்றாவது வருடம். குழுவை மட்டும் யாரும் கலைக்கவில்லை.

நாகலக்ஷ்மியின் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு செய்தி. அவளுடைய தம்பி எழுதியிருக்க வேண்டும். அவள் கணவன், என் நண்பன் பாலசுப்ரமணியன், அன்று மாலை மாரடைப்பில் இறந்துவிட்டான் என்பது ஏழாவது வரியில் இருந்தது.

முதல் பதில் உடனே வந்துவிட்டது. "கங்கிராஜுலேஷன்ஸ்! ஸோ ப்ரவுட்! வெல் டிசர்வ்ட்!" கூடவே பூங்கொத்துகள்.

போட்டது பிரீத்தா. பல் மருத்துவர், நல்ல மனுஷி. அந்தக் குழுவில் நீளமாகச் செய்தி வந்தால் யார் வீட்டுப் பிள்ளைக்கோ எங்கேயோ இடம் கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள். வருடக்கணக்கான பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. அவள் பதறி அதை அழிப்பதற்குள், செய்தியைப் படிக்காமல் பதிலை மட்டும் படித்த இன்னும் இரண்டு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

இதைப் பார்த்திருந்தால் பாலு விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்று எழுத ஆசைதான். சிரித்திருக்க மாட்டான். "எந்தக் காலேஜ்னு கேக்காமலே கங்கிராட்ஸ் போடறா பாரு, பொறுப்பில்லாம" என்று எரிச்சல்பட்டிருப்பான்.

அவனுக்கு ஊர் விழுப்புரம். பிளஸ் டூவில் ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு மதிப்பெண். யாரோடு கை குலுக்கினாலும் இந்த இரண்டு தகவலும் அடுத்தடுத்து வந்துவிடும். தொண்ணூற்றெட்டில் எடிசனில் ஒரே அடுக்ககத்தில் நாலு பேர் தங்கியிருந்தோம். சமையல் முறை யாருடையது என்பதில் தகராறு வந்தபோதுகூட அவன் அந்த எண்ணைச் சொல்லித்தான் வாதாடினான். பிறகு வீடு வாங்கியபோது கராஜ் கதவின் ரகசிய எண்ணாக 1164-ஐ வைத்தான். அது ரகசியமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "திருடனுக்கு எப்படிடா என் மார்க் தெரியும்?" என்றான். நியூ ஜெர்சியில் அவனைச் சந்தித்த எந்தத் திருடனுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அடுத்தவன் எழுதியது எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தக் குணத்தை அவன் அலுவலகத்தில் விட்டுவிட்டு வருவதில்லை. விருந்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "கணக்குல எவ்ளோ?" என்று அந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்பான். அவன் குரல் வாசலில் கேட்டதும் பிள்ளைகள் கூட்டமாக பேஸ்மென்டுக்கு ஓடுவார்கள். என் மகன் நவநீத் அப்படி ஓடிப் படியில் உருண்டு கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். பாலு கீழே இறங்கி வந்து ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு, "சரி, எவ்ளோ?" என்றான்.

அவனுக்கு ஒரே மகள், தீக்ஷா. இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமை கணக்கு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வயலின், நடுவில் பரதநாட்டியம், கோடையில் ஸ்பெல்லிங் போட்டி. அவளுக்குக் கணக்கு சுமாராகத்தான் வந்தது. ஒன்பதாவதில் கணக்கு ஆசிரியர் தகுதித் தேர்வுகூட வைக்காமல், பெயரைப் பார்த்துவிட்டு அவளை மேல் பிரிவில் போட்டுவிட்டார். "இவங்க எல்லாம் நல்லா போடுவாங்க" என்று சொன்னாராம். தீக்ஷா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து சொன்னாள். பாலு அன்று இரவே எனக்கு ஃபோன் செய்தான்.

"டேய் சபரி, இருபது வருஷத்துல மொத தடவையா ரேஸிஸம் நமக்கு சாதகமா வேல செஞ்சிருக்குடா!"

"பொண்ணு அழறான்னு சொன்னியே?"

"பழகிடுவா."

பழகவில்லை. அந்த வருடம் கணக்கில் சி வாங்கினாள். பாலு அந்த எழுத்தை வாயால் சொல்ல மாட்டான். "அந்த கிரேடு" என்பான், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவன் மாதிரி.

பத்தாவது படிக்கும்போது கல்லூரி ஆலோசகர் ஒருவரை அமர்த்தினான். முன்பு எங்கோ அட்மிஷன் அலுவலகத்தில் இருந்த அம்மாள். வீடியோ காலில் தீக்ஷாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிறகு பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்: பெண் அருமையான பெண், ஆனால் காகிதத்தில் பார்த்தால் டிபிக்கல் இந்தியன் ஸ்டூடன்ட்.

"தேங்க் யூ ஸோ மச்" என்றான் பாலு.

அது பாராட்டு இல்லை என்று அந்த அம்மாள் விளக்க வேண்டியிருந்தது. வயலின், நடனம், கணக்கு, ஆஸ்பத்திரியில் தன்னார்வ வேலை. இதே மாதிரி விண்ணப்பம் ஆயிரம் வரும். படிக்கிறவருக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. வேறு ஏதாவது வேண்டும்.

மறுநாள் நாங்கள் நடக்கப் போனபோது பாலு கொதித்துக்கொண்டிருந்தான்.

"டிபிக்கலாம்டா! அவள டிபிக்கல் ஆக்கறதுக்கு நான் எவ்ளோ கார் ஓட்டியிருக்கேன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? சனி ஞாயிறுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்து போச்சு. இப்ப வந்து டிபிக்கல் வேணாங்கறா."

"சரி, வயலின விட்டுடு. அவளுக்கும் புடிக்கல."

"வயலின விட்டா? பேரு தீக்ஷா பாலசுப்ரமணியன். அத எங்க கொண்டு போய் ஒளிக்கறது?"

அடுத்த இரண்டு மாதம் அவன் இந்தியப் பிள்ளைகள் செய்யாத காரியம் எது என்று தேடினான். ஃபென்சிங் என்கிற வாள்சண்டை வகுப்பைப் பார்த்தான். பயிற்சிக்கூடத்தில் காத்திருந்த அப்பாக்களில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் எங்கள் தெரு. ஐரிஷ் குழல் வாங்கினான். தீக்ஷா ஊதுவதற்கு முன்னாலேயே நாகலக்ஷ்மி அதைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டாள். "ஆஸ்பத்திரி நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறவ நான். ஆடு கத்தற மாதிரி இருந்துச்சுன்னா நான் அட்மிஷனாகிடுவேன், வேற எடத்துல" என்றாள். அவள் மருந்தாளுநர், சொல்லைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க மாட்டாள்.

சனிக்கிழமை விவசாயிகள் சந்தையில் தேன் விற்கும் கிழவர் ஒருவர் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருள்ள தேனீக்களோடு ஒரு சட்டத்தை வைத்திருப்பார். பாலு தக்காளிக்கு விலை பேசும் நேரமெல்லாம் தீக்ஷா அந்தக் கண்ணாடி முன்னால்தான் நிற்பாள். எத்தனையோ சனிக்கிழமை நின்றிருக்கிறாள். பாலு அதைக் கவனித்ததே அந்த வருடம்தான். கவனித்ததும் நேராகக் கிழவரிடம் போய் ஒரே கேள்வி கேட்டான்: இங்கே தேனீ வளர்ப்பவர்களில் இந்தியர் யாராவது உண்டா?

எனக்குத் தெரிந்து இல்லை என்றார் அவர்.

ஏப்ரலில் தேனீக்கள் தபாலில் வந்தன. இந்த நாட்டில் அப்படித்தான் வரும். தபால் அலுவலகத்திலிருந்து விடிவதற்கு முன் ஃபோன்: சார், உங்கள் பார்சல் சத்தம் போடுகிறது, தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். பாலு அந்தப் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, கழுத்தைத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஈ பறந்தாலே பயம்.

வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு தீக்ஷா கொல்லையில் போய் மூடியைத் திறந்தாள். பாலு சமையலறைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று ஃபோனில் கட்டளை போட்டான். அவள் ஃபோனை எடுக்கவே இல்லை. தேனீக்கள் அவள் கையில் முழங்கை வரை மொய்த்தன. அசையாமல் நின்றாள். அதுவரை அந்தப் பெண் எதைச் செய்தாலும் நடுவில் அப்பா இருக்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை.

இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாலு வீட்டில் சட்டம் போட்டான். என்னிடம் சத்தியம் வாங்கினான். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது அவன்தான்.

அந்த வருட தீபாவளி பாட்லக் அவன் வீட்டில். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தார்கள். பிரீத்தா கிறிஸ்தவள், நாகர்கோவில்காரி. ஆனால் எங்கள் தெருவில் தீபாவளிக்கு அவளுடைய மீன் கட்லெட் இல்லாவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். அவள் தட்டோடு உட்கார்ந்து மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆட்ரியன் ஃபென்சிங்ல ஸ்டேட் லெவல் போறான், பாலு. கோச் சொல்றாரு, இது ரொம்ப யுனிக்னு."

பாலுவின் முகத்தைப் பார்த்தேன். அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"ஃபென்சிங்கா? அது இப்ப தாம்பரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிடுச்சே. யுனிக்னா என்னன்னு பாக்கறியா? எழுந்திரு. எல்லாரும் வாங்க."

பட்டு வேட்டியோடு முன்னால் நடந்தான். அத்தனை பேரும் தட்டோடு பின்னால். கொல்லை விளக்கைப் போட்டு, கல்யாணப் பெண்ணைக் காட்டுவது போல அந்தப் பெட்டியைக் காட்டினான். பிறகு சொற்பொழிவு. ஆலோசகர் சொன்னது, டிபிக்கல் என்பதன் பொருள், ஊரில் ஒரு இந்தியன்கூடத் தேனீ வளர்க்காதது, எல்லாம். நாகலக்ஷ்மி பின்னாலிருந்து கிள்ளினாள். பட்டு வேட்டியின் மேல் கிள்ளியதால் உறைக்கவில்லை.

"அட்மிஷன் ஆபீசர் வாழ்க்கைலயே இப்படி ஒண்ணப் பாத்திருக்க மாட்டான்!" என்று முடித்தான்.

தீக்ஷா காகிதத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். "அப்பா. ஸ்டாப்" என்றாள். அவன் காதில் விழவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் அதே தபால் அலுவலகத்துக்கு ஐந்து பார்சல்கள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. ஒன்று பிரீத்தா வீட்டுக்கு. ஒன்று எங்கள் வீட்டுக்கு. என் மனைவிதான் ஆர்டர் போட்டாள், நான் தடுக்கவில்லை. நவநீத் அந்தப் பெட்டிப் பக்கம் போனது இரண்டே முறை. ஒரு முறை ஃபோட்டோவுக்கு, ஒரு முறை அங்கே போய் விழுந்த பந்தை எடுக்க.

அந்த ஆண்டு ஒரே ஊரிலிருந்து, ஒரே அஞ்சல் குறியீட்டிலிருந்து, ஆறு தமிழ்ப் பிள்ளைகள் தேனீ வளர்ப்பவர்களாக விண்ணப்பித்தார்கள். அதில் ஐந்து பேர் தேனீயிடம் ஒற்றுமையையும் அயராத உழைப்பையும் கற்றுக்கொண்டதாகக் கட்டுரை எழுதியிருந்தார்கள். ஆறாவது பையன் மாதவ். அவன் தேனீயைப் பட்டியலில் மட்டும் போட்டுவிட்டு, கட்டுரையில் அப்பாவோடு காரில் போகும்போது பேசுவதற்கு எதுவுமே இல்லை என்று எழுதினான். பாலு ஆசைப்பட்ட பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது அவனுக்குத்தான்.

பாலுவுக்குப் பெரிய கல்லூரி என்றால் ஒரே அளவுகோல். பெயரைச் சொன்னதும் விழுப்புரத்தில் அவன் மாமாவுக்கு மறுபடி கேட்காமல் புரிய வேண்டும். அந்தப் பட்டியலில் ஒன்றுகூட தீக்ஷாவை எடுக்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்தது. ஒரு மணி நேர தூரம், நல்ல கல்லூரி. மாமாவுக்குத்தான் தெரியாது.

பாலு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். மூன்றாம் நாள் நடக்க வந்தபோது ஜோக் அடித்தான்.

"அந்த ஆபீசர் என்ன நெனச்சிருப்பான் தெரியுமா? தமிழ்நாட்லேர்ந்து தேன் எடுக்கற ஜாதி ஒண்ணு கெளம்பி வந்து நியூ ஜெர்சில குடியேறியிருக்குன்னு நெனச்சிருப்பான். டிபிக்கல் இந்தியன் வேணாம்னு ஓடினேன். கடசில டிபிக்கல்ல ஒரு புது வெரைட்டியே உண்டாக்கிட்டேன்டா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்குத் தெரிந்த விதத்தில் கேட்டான். நாகலக்ஷ்மி எனக்கு அப்படியே சொன்னாள். "அன்னிக்கு நான் வாய மூடிட்டு இருந்திருந்தா உனக்குக் கெடச்சிருக்கும்மா" என்றானாம்.

தீக்ஷா தமிழ் பேசுவது அபூர்வம். அன்று பேசினாள். "நீங்க இப்பவும் காலேஜ் பத்திதான் பேசறீங்க. எனக்கு அது புடிச்சிருந்தது, அப்பா. தட் வாஸ் மைன்."

அதற்குப் பிறகு அவனோடு பேச்சு நின்றுவிட்டது. சண்டை இல்லை. கதவை அறையவில்லை. கல்லூரிக்குப் போனாள். அம்மாவோடு தினமும் பேசுவாள். அப்பா "சாப்டியா" என்று செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். "குளிருக்குக் கோட்டு இருக்கா?" கட்டைவிரல். முதல் வருடம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாம் வருடமும்.

அவள் போன அந்தக் கோடையில்தான் பெட்டிகள் வர ஆரம்பித்தன. அட்மிஷன் முடிந்த வீடுகளில் தேனீக்கு என்ன வேலை? பிரீத்தா ஃபோன் செய்து, பழைய சோபாவோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போடலாமா என்று கேட்டாள். "உயிரோட இருக்குடி அது!" என்று கத்திவிட்டு பாலு போய் எடுத்து வந்தான். பிறகு எங்கள் பெட்டி. பிறகு மற்றவை. மகளுடைய அங்கியைப் போட்டுக்கொண்டு போவான். அது அவனுக்கு முழங்கால் வரைதான் எட்டும். அதற்குக் கீழே கால்பந்துக் காலுறை. முதல் மாதம் அவன் முகத்தை அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடி, உதடு வீங்கி, அப்படியே அலுவலக மீட்டிங்கில் கேமராவைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணு போயிட்டா, பூச்சிய வெச்சுக்கிட்டு அழறாரு" என்றாள் நாகலக்ஷ்மி. அங்கியைத் துவைத்துப் போடுவதும் அவள்தான்.

ஒரு குளிர்காலத்தில் ஒரு பெட்டி முழுக்கச் செத்தது. அதன் பிறகு பாலு கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், நடக்கும் தேனீ வகுப்பில் சேர்ந்தான். முதல் வரிசையில் உட்காருவான். அங்கே தேர்வு இல்லை என்பது அவனுக்குப் பெரிய குறை. அடுத்த வசந்தத்தில் ஒரு தேனீக் கூட்டத்தைப் பிரித்து, காலிப் பெட்டியையும் நிரப்பிவிட்டான். சந்தையில் தேன் கிழவரோடு அவன் பேசுவதை ஒரு நாள் கேட்டேன். ராணியை மாற்றுவது பற்றி அவருக்கே சந்தேகம் தீர்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் எடுத்த படம் ஒன்றை தீக்ஷாவுக்கு அனுப்பினான். கீழே ஆங்கிலத்தில்: "இதுதான் ராணியா?"

எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது.

"டேய், அது ஆண் தேனீ."

"தெரியும்."

"தெரிஞ்சிட்டு ஏண்டா கேக்கற?"

"சும்மா இரு. பாரு."

ஃபோன் அதிர்ந்தது. கட்டைவிரல் இல்லை. நாலு வரி. அது ராணி இல்லை, அப்பா, கண்ணைப் பாருங்கள், எவ்வளவு பெரியதாக இருக்கிறது, போன மாதமே சொன்னேனே, தயவுசெய்து அதைப் பிடித்துத் தனியாக வைக்காதீர்கள், ஓ மை காட். பாலு அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். பிறகு இன்னொரு தரம் மனதுக்குள் படித்தான்.

"சாப்டியான்னா வெரலக் காட்டுவா. ராணியக் காணோம்னா நாலு வரி வருது. சொல்லலன்னா பூச்சி செத்துடுமேன்னு பயம் அவளுக்கு" என்றான். "ஆயிரத்து நூத்தி அறுபத்து நாலு வாங்கினவன்டா நான். இதுக்கு எத்தன காலுன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கேன்."

வாழ்நாளில் ஒரு தடவைகூட 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாதவன். எடிசனிலிருந்து கிளம்பி வழி தவறிப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோதுகூடச் சொல்லவில்லை. இப்போது வாரத்துக்கு ஒரு முட்டாள் கேள்வியை யோசித்துத் தயார் செய்வான். ரொம்ப முட்டாளாக இருந்தால் சந்தேகம் வரும், ரொம்பப் புத்திசாலியாக இருந்தால் பதில் சுருங்கிவிடும் என்பான். சோதிப்பவன் அல்லவா, எல்லையைக் கச்சிதமாகக் கண்டுபிடித்திருந்தான்.

இந்த நவம்பரில் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது. குளிருக்கு முன்னால் பெட்டிகளைச் சுற்றி தெர்மாகோல் பலகை கட்ட வேண்டும். ஐந்து பெட்டிக்குக் கட்டிவிட்டான். ஆறாவது தீக்ஷாவுடையது, தபாலில் வந்த அந்த முதல் பெட்டி. அதைத் தொடவில்லை.

"அவளோடத அவளே பண்ணட்டும்."

"தேங்க்ஸ்கிவிங்குக்கு வராளா?"

"கேக்கல. கேட்டா வரலன்னுடுவா. பலக ஒரு இன்ச்சா ரெண்டு இன்ச்சான்னு கேக்கப் போறேன். பதில்லயே தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"'ரெண்டு இன்ச்'னு மட்டும் வந்தா, வரல. கூட ஏதாவது வந்தா, பாப்போம்."

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி, ரூட் ஒன்னில் இருக்கும் ஹார்ட்வேர் கடைக்குப் போனான். அங்கிருந்து அவளுக்குச் செய்தி அனுப்பினான். அவள் வகுப்பில் இருந்தாள், பதில் இல்லை. அவன் காத்திருக்கவில்லை. இரண்டு கனத்திலும் வாங்கிவிட்டான். எங்கள் ஊரில் யாரும் ஒன்றை வாங்குவதில்லை. இரண்டு வாங்கி ஒன்றைத் திருப்பிக் கொடுப்போம். சட்டையானாலும் ஏர் ஃப்ரையரானாலும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கும் வரிசையில்தான் தெரிந்தவர்களைச் சந்திப்போம்.

கடையின் வாகன நிறுத்தத்தில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோதே உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, தேனீ கொட்டிவிட்டதா என்பது. இல்லை, ஹார்ட் என்று சொன்னதும் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது. இரண்டாவது கேள்வி தீக்ஷாவிடம். டெக்சாஸில் கேட்டி என்ற ஊரிலிருந்து பறந்து வந்திருந்த ஒரு தூரத்து உறவினர், அவள் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு, "எந்தக் காலேஜ்மா?" என்றார். சொன்னாள். "பரவால்ல, அதுவும் நல்ல காலேஜ்தான்" என்று ஆறுதல் சொன்னார். தீக்ஷா என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு திசையில் எழுந்து போக வேண்டியதாயிற்று.

நான் கராஜுக்குப் போனேன். வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, 1164-ஐ அழுத்தி அவளும் உள்ளே வந்தாள்.

"அங்கிள், அவருக்கு நெஜமாவே எதுவும் தெரியாதா? ஹனிபீ பத்தி?"

"எல்லாம் தெரியும்மா."

"ஐ நியூ இட். ஒரே படத்த ரெண்டு தடவ அனுப்பினார். நோபடி இஸ் தட் டம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஐ ஜஸ்ட்... எனக்கும் அந்த கொஸ்டின்ஸ் வேணும்னு இருந்தது. அதான் சொல்லல."

பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். வகுப்பு முடிந்ததும் அவள் பதில் அனுப்பியிருக்கிறாள். ரெண்டு இன்ச், கட் பண்ண வேண்டாம், தேங்க்ஸ்கிவிங்குக்கு நான் வந்து பண்றேன். அனுப்பியதற்கும் அவன் விழுந்ததற்கும் நடுவில் சில நிமிடங்கள்தான். பாலு எவன் செய்தியையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, நீல டிக் வராதபடி வைத்திருந்தான். ஃபோன் விழுந்து நொறுங்கிவிட்டது.

"பாத்தாரா, அங்கிள்?"

அவனுடைய காரை எடுத்து வரப் போனது நான். கடையில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னதை அவளிடம் சொன்னேன். உன் அப்பா கடையை விட்டுப் போகும்போது விழவில்லை. பலகையை எல்லாம் காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, உள்ளே போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். பிறகு இறங்கி, ஒரு இன்ச் பலகைகளை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, ரசீதைக் கையில் பிடித்தபடி, கடையைப் பார்த்து வேகமாக நடந்து வந்திருக்கிறார். திருப்பிக் கொடுக்க வருகிறார் என்று அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார் என்று சொன்னாள்.

"ரெண்டு இன்ச் கார்லயே இருந்ததா?"

"கார்லதான் இருந்தது."

"ஸோ, பாத்தார்."

"பாத்தான்மா."

சனிக்கிழமை அவள் தன் அங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டு இன்ச் பலகையை அறுத்து, தன் பெட்டிக்குக் கட்டினாள். அங்கியில் முழங்கால் பக்கம் அவன் தைத்த தையல் இருந்தது, கோணலாக. நாகலக்ஷ்மி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தாள்.

அந்த ஒரு இன்ச் பலகைகளைக் கடைக்காரப் பெண் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். அவை கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ரசீது மேல் பலகையில் ஒட்டியிருக்கிறது. இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.